நான்கு கிலோ இருநூறு

அந்த வீட்டுத் தகரக் கதவில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், ஒரு பாதத்தின் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. பள்ளம் வெளிப்புறத்தில் இருந்ததால் உதை வெளியிலிருந்து விழுந்திருக்க வேண்டும். உதைத்தவனுக்கு அப்போது கதவு திறக்கவில்லை; உள்ளே யாரோ தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்கள். முதல் நாள் தட்டுவதற்குக் கையை உயர்த்தியபோதே இவ்வளவும் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் வழக்கப்படி இரண்டு முறை தட்டினேன். என் பெயரையும் பணியையும் சொன்னேன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனேன்.

இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. நான் கடைசியாகப் பணியாற்றிய இடத்தில் என்னைப் பற்றி இரு விதமாகப் பேசிக்கொள்வதாகக் கேள்விப்படுகிறேன். வயதானவள், பயந்துபோய்ப் பொய் எழுதிக் கொடுத்துவிட்டாள் என்கிறார்கள் சிலர். கேட்காத வீட்டில் மூக்கை நுழைத்து ஒரு பெண்ணை அடிவாங்க வைத்தாள் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதிகளைப் பிறர் வாயால் கேட்டுக்கொண்டிருப்பதைவிட முழுவதையும் நானே சொல்லிவிடுவது மேல்.

நான் கல்லூரியில் முறையாகச் செவிலியர் பட்டம் பெற்றவள். அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டுகளில் முப்பத்தாறு ஆண்டுகள் பணியாற்றிக் கண்காணிப்பாளராக ஓய்வுபெற்றேன். என் பதிவேடுகளில் அடித்தல் திருத்தல் கிடையாது. எனக்குப் பின் வந்தவர்கள் என் பக்கங்களைப் பயிற்சி மாணவிகளுக்கு எடுத்துக் காட்டியதை நான் அறிவேன். ஓய்வுக்குப் பிறகு அம்பத்தூர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க மனம் ஒப்பாமல் ஓர் அறக்கட்டளையின் வேலையை ஏற்றுக்கொண்டேன். வசதியில்லாத குடும்பங்களில் முதல் முறையாகத் தாயாகும் பெண்களை, கருவுற்ற காலத்திலிருந்து குழந்தைக்கு இரண்டு வயது முடியும் வரை, வீடு தேடிப் போய்ப் பார்த்து வரும் வேலை. எனக்குத் தரப்பட்ட பகுதி பட்டாபிராம். மின்சார ரயிலில் போய் இறங்கி, தோளில் பையோடு நடப்பேன். பையில் இரத்த அழுத்தக் கருவி, குழந்தையைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் ஸ்பிரிங் தராசு, அதில் மாட்டுகிற துணித்தொட்டில், என் குறிப்பேடு ஆகியவை இருக்கும்.

சேர்ந்தபோது இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி தந்த பெண் என் கடைசி மாணவிகளைவிட இளையவள். தாயின் கையில் இருக்கும் தாய்சேய் நல அட்டையில் எடை, இரத்த அழுத்தம், தடுப்பூசி ஆகியவற்றைத் தவிர வேறொன்றும் எழுதக் கூடாது, மற்றதெல்லாம் நம் குறிப்பேட்டில்தான் என்று அவள் சொன்னாள். காரணத்தையும் சொல்லியிருப்பாள். நான் செவி கொடுக்கவில்லை. எனக்கு எழுதக் கற்றுத்தர இவள் யார் என்ற எண்ணம் என்னிடம் இருந்தது. வார்டில் நாங்கள் கண்டதையெல்லாம் நோயாளியின் தாளில் எழுதுவோம். அந்தத் தாள் செவிலியர் மேசையைத் தாண்டிப் போகாது. அட்டையோ வீட்டில் இருப்பது, டி.வி. பெட்டியின் மேல் ரேஷன் கார்டோடு கிடப்பது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கக்கூடியது. இந்த வேறுபாட்டை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை.

அந்தப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயது, ஏழாம் மாதம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனியில் வேலை பார்த்தவள். பேருந்தில் பழக்கமான ஒருவனைப் பெற்றோர் சொல்லை மீறி மணந்துகொண்டாள். அவர்கள் தலைமுழுகிவிட்டார்கள். ஆகவே தலைப்பிரசவத்துக்குப் போக அவளுக்குத் தாய்வீடு இல்லை. கணவன் திருமழிசையில் இரும்புத் தகடுகளை அழுத்தி வெட்டும் ஒரு பிரஸ் ஷாப்பில் மெஷின் ஓட்டுகிறவன். அவனும் அவன் தாயும் இவளும் இருந்தது ஒரே அறை. அப்படி ஆறு ஆஸ்பெஸ்டாஸ் வீடுகள் வரிசையாக. முன்னால் பொது முற்றம். முற்றத்தின் நடுவில் லாரித் தண்ணீரைச் சேமிக்கும் நிலத்தடித் தொட்டி, சம்ப்.

இரத்த அழுத்தம் பார்ப்பதற்காக அவள் நைட்டியின் கையை மேலே சுருட்டினேன். மேற்கையின் உட்புறத்தில் நான்கு நீலத் தடங்கள் இருந்தன.

"இது என்ன?"

"பாத்ரூம்ல வய்க்கி உயுந்துட்டேன் சிஸ்டர்."

"விழுந்தா முழங்கையில அடிபடும், இடுப்புல அடிபடும். உள்கையில நாலு விரல் பதியுமா?"

அவள் நைட்டியின் கையை இழுத்து இறக்கிவிட்டுக்கொண்டாள். அடுப்பருகில் இருந்த மாமியார்தான் திரும்பினாள். "ஏமா நர்ஸம்மா, நீ பிரஷர் பாக்க வந்தியா, பஞ்சாயத்து பண்ண வந்தியா? ஆம்பள கை சும்மா கீமா? ஒரு அடி உயுறதுதான். என் புருசன் எனக்குக் குடுத்த ஒதையில பாதி கூட இவ வாங்கல."

"கர்ப்பிணி, அம்மா."

"நானும் முயுவாம கீறப்பதான் வாங்கினேன். அதுல பொறந்தவன்தான் அவன். நல்லாத்தானே கீறான்?"

நான் அட்டையை வாங்கி எழுதினேன். இடது மேற்கையின் உட்புறம் நான்கு விரல் தடங்கள். விழுந்ததால் ஏற்பட்டவை அல்ல. கணவர் அடித்ததாகத் தெரிகிறது. கீழே கையெழுத்திட்டேன். நாளை எந்த மருத்துவமனைக்கு இவளைத் தூக்கிக்கொண்டு ஓட நேர்ந்தாலும் அங்கிருக்கும் மருத்துவர் இதைப் படித்துவிட்டுத்தான் வயிற்றில் கை வைக்க வேண்டும் என்பது என் எண்ணம். மருத்துவர்களைப் போலக் கிறுக்காமல், எவரும் படிக்கும்படி முழுத் தமிழில் எழுதினேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

குழந்தை நாள் தவறாமல் பிறந்தது. பெண். பதினான்காம் நாள் நான் போனபோது அவன் வீட்டில் இருந்தான். ஒல்லியான, சிரித்த முகம். நான் எதிர்பார்த்தது அதை அல்ல. தராசை எடுத்ததுமே மாமியார் முணுமுணுத்தாள். "கொயந்தைய எட போட்டா கண்ணு பட்டுடும். கறிகாயா அது, கொக்கியில தொங்கவுட?"

"யம்மா, நீ சும்மா கெட," என்று அவன்தான் அவளை அடக்கினான். "சிஸ்டர், நான் மாட்றேன். நீங்க முள்ளப் பாருங்க." குழந்தையைத் துணித்தொட்டிலில் அவனே வைத்தான், தலைப்பக்கத்தைச் சரிசெய்தான், தூளி கட்டுவதற்காக உத்தரத்தில் அடித்திருந்த வளையத்தில் தராசை மாட்டினான். "எவ்ளோ சிஸ்டர்? மூணு கிலோவா? த்தா பாருடா, எம்பொண்ணு!" அவன் கைகள் கவனமாகவே வேலை செய்தன. அதே நேரத்தில் சுவரோரம் உட்கார்ந்திருந்த அவளுடைய கீழுதடு நடுவில் பிளந்து, காய்ந்த இரத்தம் கறுத்திருந்தது. பத்தியம் என்ற பெயரில் மாமியார் அவளுக்கு நாளுக்கு ஒரு தம்ளர் தண்ணீர்தான் கொடுத்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் கேட்டு வாய்திறந்ததற்குக் கணவனிடம் விழுந்த அடி அது என்று, அவன் பீடி பற்றவைக்க வெளியே போன இடைவெளியில் அவள் என்னிடம் சொன்னாள்.

"எங்கேயாவது போயிடேன்," என்றேன்.

"எங்க போவ சிஸ்டர்? கைல இத்த வச்சிகினு? இத்த உட்டுட்டுப் போனா போலாம். உட மாட்டேன். அவங்க ரெண்டு பேருக்கும் இதான் ஓணும். நான் இல்ல."

உதட்டுக் காயத்தையும் அட்டையில் எழுதினேன்.

நாற்பத்திரண்டாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். அன்று லாரி வரும் நாள். சம்ப்பின் இரும்பு மூடியைத் தள்ளி வைத்துவிட்டு ஐந்தாறு பெண்கள் குடங்களோடு முற்றத்தில் காத்திருந்தார்கள். சம்ப் வறண்டு கிடந்தது. ஓர் ஆள் ஆழத்துக்கு மேல் இருக்கும், அடியில் வெறும் சிமெண்டுத் தளம். அதைத் தாண்டித்தான் நான் உள்ளே போனேன். அட்டையைக் கேட்டேன். அவன் கம்பெனிக்கு எடுத்துப் போயிருக்கிறான், குழந்தையின் பெயரை மருத்துவக் காப்பீட்டில் சேர்க்க அங்கே கேட்டார்களாம் என்றாள் அவள். அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. குழந்தையைத் தொட்டிலில் வைத்துத் தராசை வளையத்தில் மாட்டினேன். முள் ஆடி நிற்பதற்குள் கதவு சுவரில் மோதித் திறந்தது.

அவன் என்னைப் பார்க்கவில்லை. நேரே அவளிடம் போய் முடியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி, தலையைச் சுவரில் மோதினான். அலமாரித் தட்டிலிருந்து பாத்திரங்கள் சரிந்தன. அவற்றில் ஒன்றை, ஒரு சொம்பை, எடுத்து அவள் தோளெலும்பின் மேல் இறக்கினான். ஒரு முறை, இன்னொரு முறை. பிரசவ வார்டில் எலும்பு முறிவதை நான் கேட்டதில்லை. அன்று கேட்டது முறிவா வெறும் சொம்புச் சத்தமா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அவள் கத்தவில்லை. இரண்டு கைகளையும் மேலே உயர்த்தி, தொங்கிக்கொண்டிருந்த குழந்தையின் மேல் அவன் முழங்கை படாதபடி தடுத்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்து!" என்று சொல்லி அவன் சட்டையைப் பிடித்தேன். என் வாழ்நாளில் அதுவரை எவரும் என்மேல் கைவைத்ததில்லை. அவன் புறங்கையால் விசிறியதில் வாசற்படியில் முகம் குப்புற விழுந்தேன். முன்பல் ஒன்று உடைந்தது. கண்ணாடியின் இடப்பக்கம் தூளாகியது.

"நீதானே எய்துன?" அவன் அட்டையை என் முகத்தில் அடித்தான். "கெயவி! கார்டுல எய்தி வச்சிகீற, பொண்டாட்டிய அடிக்கிறான்னு! ஆபீஸ் ரூம்ல ஒருத்தி படிச்சா. சூப்பர்வைசரு அத்த வாங்கிகினு வந்து மெஷினாண்ட நின்னு அத்தினி பேருக்கும் சத்தமா படிக்கிறான். 'மாமே, நாலு வெரலும் பதிஞ்சிகீதாமே, நல்லா பிரஸ் பண்ணிகீறே'ன்னு சிரிக்கிறானுங்க. இனி கேசு கீசு ஆவும், நீ வரத் தேவல, ஊட்டுக்குப் போன்னுட்டான். என் வேல போச்சிடி!"

அட்டையை எடுத்து, "அடி," என்றான். "எய்துனத அடி."

"பதிவை அடிக்க முடியாது," என்றேன். வாய் முழுக்க இரத்தத்தோடு அதைத்தான் சொன்னேன். இப்போது யோசித்தால் எனக்கே வியப்பாக இருக்கிறது.

மாமியார் நிதானமாக இருந்தாள். "அடிச்சா மட்டும் போறாது நைனா. வலிப்புன்னு எய்தச் சொல்லு. வலிப்பு வந்து வந்து இவ தானா உயுறான்னு நர்ஸு எய்திட்டா, ஒன்னிய ஒருத்தனும் கேக்க மாட்டான். கொயந்தையும் நம்மாண்டதான் இருக்கும்."

அவன் உத்தரத்து வளையத்திலிருந்து தராசை ஒரே இழுப்பில் கழற்றினான். குழந்தை தொட்டிலோடு அவன் கையிலிருந்து தொங்கியது. அப்படியே முற்றத்துக்குப் போனான். பெண்கள் குடங்களை விட்டுவிட்டு விலகினார்கள். ஒரு பச்சைக் குடம் உருண்டு போய்ச் சாக்கடை ஓரம் நின்றது. அவன் சம்ப்பின் சதுர வாய்க்கு மேலே கையை நீட்டித் தராசைப் பிடித்தான். தொட்டில் மெல்லச் சுழன்றது. அவள் தவழ்ந்து வந்து அவன் காலைப் பிடித்தாள். அவன் மற்றொரு காலால் அவள் விலாவில் உதைத்தான். உதைக்கும்போதெல்லாம் தொட்டில் ஆடியது. அதைக் கண்டதும் அவளே காலை விட்டுவிட்டுத் தள்ளிப் படுத்துக்கொண்டாள்.

"முள்ளப் பாரு சிஸ்டரு," என்றான் அவன். "எவ்ளோ காட்டுது? அத்தயும் எய்து. ஆனா மொதல்ல அத்த அடி."

நான் தண்ணீர் டிரம்மின் மேல் அட்டையை வைத்தேன். முன்பு எழுதிய இரண்டு பதிவுகளின் குறுக்கே கோடு இழுத்தேன். கீழே அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். தாய்க்கு அடிக்கடி வலிப்பு வருகிறது. காயங்கள் அனைத்தும் வலிப்பின்போது தானாக விழுந்ததால் ஏற்பட்டவை. குழந்தையைத் தாயிடம் தனியே விடக் கூடாது. கையெழுத்திட்டேன். பிறகு, எஞ்சியிருந்த ஒரு கண்ணாடி வழியாக முள்ளைப் பார்த்தேன். நான்கு கிலோ இருநூறு. கட்டத்தில் அதையும் எழுதினேன்.

அட்டையில் இருந்தவற்றிலேயே மிக அழகான எழுத்து அதுதான்.

அவன் குழந்தையைத் தாயிடம் கொடுத்தான். தன் தாயிடம், அவளிடம் அல்ல. அட்டையைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போனான். தராசைத் தரையில் வீசியிருந்தான். நான் அதைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறினேன். அவளையும் அழைத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். காவல்துறையை அழைத்திருக்க வேண்டும். அன்று நான் செய்தது முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்ததுதான். வீட்டிலும் அலுவலகத்திலும் கேட்டவர்களிடம், ரயில் நிலையப் படியில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றேன். எல்லோரும் நம்பினார்கள். நான் சொன்னால் நம்புவார்கள்.

இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே இருந்தேன். அவள் நிலை என்ன என்பதைவிட, நான் எழுதியது யார் கண்ணில் படும் என்பதே எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் முற்பகல் தொலைபேசி வந்தது. அந்த வரிசையில் அடுத்த வீட்டில் தையல் மெஷின் போட்டிருந்த பெண், அன்று முற்றத்தில் குடத்தோடு நின்றவள். தாழ்ந்த குரலில் பேசினாள்.

"சிஸ்டர், ராவுல தோசத் திருப்பியால அடிச்சி அந்தப் பொண்ணு கையி ஒடிஞ்சிப் போச்சி. கொயந்தைய மடியில கட்டிகினு மகளிர் டேசனுக்கு நடந்தே போய்கீது. பின்னாலயே அவனும் அவங்காத்தாளும் போய்கீறாங்க. நீ எய்துன கார்டையும் எட்த்துகினு. கொயந்தைய அந்தக் கெயவி வாங்கிகினாளாம். வலிப்புக்காரியாண்ட குடுக்கக் கூடாதுன்னு நர்ஸே எய்திகீறாங்களாமே."

"நீயும் அன்னைக்குப் பார்த்தியே. வந்து சொல்லேன்."

"நான் இன்னாத்த பாத்தேன்? ஒண்ணும் பாக்கல சிஸ்டர்." பிறகு சற்றுத் தணிந்து, "நாளிக்கி நான் அதே சம்ப்புலதான் தண்ணி மொள்ளணும்," என்றாள்.

இஸ்திரி போட்ட புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். உடைந்த கண்ணாடியைத்தான் அணிந்திருந்தேன். புதியது இன்னும் வரவில்லை.

காவல் நிலையத்தில் ஒரு நீண்ட பெஞ்சு. அதன் ஒரு முனையில் மாமியார், மடியில் குழந்தை. பக்கத்தில் அவன், எண்ணெய் வைத்து வாரிய தலையோடு, வெள்ளைச் சட்டையில். மறுமுனையில் அவள். வலது முன்கை வீங்கி வளைந்திருந்தது. துப்பட்டாவால் கழுத்தில் கட்டியிருந்தாள். ஒரு கண் முழுவதும் மூடியிருந்தது. கீழுதடு மறுபடியும் பிளந்திருந்தது. குழந்தை பசிக்கு அழுதுகொண்டிருந்தது. ஒவ்வொரு அழுகைக்கும் அவள் நைட்டியின் முன்புறத்தில் பால் கசிந்து ஈரம் பரவியது. நடுவில் ஒரு பெண் காவலர் நின்றுகொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆய்வாளர் நாற்பது வயதிருக்கும் பெண்மணி. என்னைக் கண்டதும் எழுந்து நின்று நாற்காலி போடச் சொன்னார். அந்த மரியாதை எனக்கு வலித்தது.

"மேடம், இது உங்க கையெழுத்துதானே?" அட்டையை என் பக்கம் திருப்பினார்.

"ஆமாம்."

"வலிப்புன்னு எழுதியிருக்கீங்க. மேல இருந்ததை நீங்களே அடிச்சிருக்கீங்க. இதை வச்சிப் பார்த்தா குழந்தையை இந்தப் பொண்ணுகிட்ட நான் குடுக்க முடியாது. நாளைக்கு ஏதாவது ஆனா என்னைக் கேப்பாங்க."

அவன் பவ்வியமாக எழுந்தான். "அதான் மேடம் நானும் சொல்றேன். வலிப்பு வந்து இட்லிப் பானை மேல உயுந்தா, கையி ஒடிஞ்சிப் போச்சி. படிச்ச நர்ஸம்மா, பொய்யா எய்துவாங்களா? கேளுங்க."

அந்த ஒரு கேள்வியில் அவன் என்னை முழுவதுமாகப் பிடித்து வைத்திருந்தான். இல்லை என்றால் படித்த நர்ஸம்மா பொய் எழுதியவள் ஆகிறாள். குழந்தை அழுவதை நிறுத்தி, விக்கத் தொடங்கியது. நாற்பத்தைந்து நாள் குழந்தை பசியில் அப்படி விக்கினால் எத்தனை நேரமாகப் பால் குடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். பெஞ்சின் மறுமுனையில் இருந்தவள் திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்க்கவே இல்லை. அவள் குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம் அவள் எதையும் எதிர்பார்க்கவில்லை என்பது புரிந்தது.

"அடித்திருக்கும் இரண்டு பதிவுகளும் உண்மை," என்றேன். "வலிப்பு என்பது பொய். அதையும் நான்தான் எழுதினேன்."

ஆய்வாளர் பேனாவை வைத்தார். "கையெழுத்து முத்து முத்தா இருக்கு மேடம். மிரட்டி வாங்கின மாதிரி தெரியலையே."

"இவன் குழந்தையைத் தராசோடு சம்ப்புக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தான். அந்த எடை இருக்கிறதே, நான்கு கிலோ இருநூறு, அதை அவன் கையிலிருந்துதான் படித்தேன்." வாயைத் திறந்து பல்லைக் காட்டினேன். இந்த வயதில் ஒரு காவல் நிலையத்தில் வாயைத் திறந்து காட்டுவேன் என்று நான் நினைத்ததில்லை. பையிலிருந்து தராசை எடுத்து மேசையில் வைத்தேன். உத்தரத்து வளையத்திலிருந்து பிடுங்கியதில் அதன் மேல்கொக்கி வளைந்து போயிருந்தது.

"மருத்துவக் குறிப்பைப் பொய்யா எழுதினேன்னு எழுதிக் குடுப்பீங்களா? உங்க மேலயும் திரும்பும், யோசிச்சுக்கோங்க."

"கொடுப்பேன்."

"கெயட்டு நாயே!" அவன் பெஞ்சைத் தாண்டிப் பாய்ந்தான். மேசை என் முழங்காலில் இடித்தது. மைக்கூடும் காகிதங்களும் சிதறின. அவன் விரல்கள் என் கழுத்துச் சங்கிலியில் சிக்கி அதை அறுத்தன. இரண்டு காவலர்கள் அவன் கைகளைப் பின்னால் முறுக்கித் தரையில் அழுத்தினார்கள். ஒருவர் முதுகில் முழங்காலை ஊன்றினார். தரையில் கன்னம் அழுந்தியபடியே அவன் என்னையும் அவளையும் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத மாட்டேன். மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலை நோக்கி ஓடினாள். பெஞ்சருகில் நின்ற பெண் காவலர் அவளைத் தோளோடு பிடித்துச் சுவரில் சாய்த்து, இடுக்கியிருந்த கைகளைப் பிரித்துக் குழந்தையை வாங்கினார். அந்த இழுபறியில் குழந்தையின் வசம்பு வளையல் அறுந்து விழுந்தது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒடிந்த கையால் அவளால் வாங்க முடியவில்லை. காவலர் குழந்தையை மடியில் வைத்தார். நான் நைட்டியின் பொத்தானைக் கழற்றிக் குழந்தையின் வாயை மார்பில் சேர்த்தேன். அது மூச்சுவிடாமல் குடித்தது. பின்புற அறையிலிருந்து அவன் கத்துவது கேட்டுக்கொண்டிருந்தது.

இரண்டு பக்கம் எழுதினேன். ஆய்வாளர் படித்துவிட்டு, அட்டையையும் அதோடு சேர்த்துத் தைத்து வைத்துக்கொண்டார். இனி அது வழக்கு ஆவணம், திருப்பித்தர இயலாது என்றார். அன்று மாலைக்குள் அறக்கட்டளைக்குச் செய்தி போய்விட்டது. மறுநாள் பையை ஒப்படைக்கச் சொன்னார்கள். விதிமுறையை மீறி அட்டையில் எழுதியது ஒன்று, பொய் எழுதியது இன்னொன்று; இரண்டு காரணங்களையும் சரியாகவே குறிப்பிட்டிருந்தார்கள். நான் மறுக்கவில்லை.

நிலையத்திலிருந்து அவளையும் குழந்தையையும் முதலில் மருத்துவமனைக்கும், பிறகு பெண்கள் தங்கும் ஓர் இல்லத்துக்கும் அழைத்துப்போக ஜீப் ஏற்பாடாகியிருந்தது. வாசலில் அவளைத் தாங்கி ஏற்றிவிட்டேன். மன்னிப்புக் கேட்பது எனக்குப் பழக்கமில்லாத காரியம். ஆயினும் முயன்றேன். அவள் இடைமறித்தாள்.

"நீங்க கார்டுல எய்தாமயே இருந்துக்கலாம் சிஸ்டர். எப்பவும் வாங்குற அடியோட போய்க்கும்."

சொல்வதற்கு இருந்த எதுவும் அவள் சொன்னதைவிட உண்மையாக இல்லை.

ஜீப்பின் எஞ்சின் உறுமியது. அவள் ஏதோ நினைத்துக்கொண்டவள்போல் தலையை வெளியே நீட்டினாள். "சிஸ்டர், கார்டைத்தான் டேசன்ல வச்சிகினாங்களே. ஆஸ்பத்திரில கேட்டா எவ்ளோன்னு சொல்றது? அன்னிக்கி வெயிட்டு எவ்ளோ காட்டிச்சி?"

"நான்கு கிலோ இருநூறு," என்றேன்.

"நாலு கிலோ எரநூறு." மறந்துவிடாமல் இருக்க இன்னொரு முறையும் சொல்லிக்கொண்டாள். உதடு பிளந்திருந்ததால் அதைச் சொல்வது அவளுக்குச் சிரமமாக இருந்தது.